உள்ளே வண்டி

ஜனவரி 11, சனி

பி.பி. 146/94. டாக்டர் தினமும் குறித்து வைக்கச் சொன்னதால் வாங்கிய நோட்டு இது. இன்று அதற்கு மேலும் எழுதத் தோன்றுகிறது.

ஓவல் வருகிறது. காலை ஏழு மணிக்கே தாமோதரன் போன் செய்துவிட்டான். நான் பால் பாக்கெட்டோடு படியேறிக்கொண்டிருந்தேன்.

“மகுடு, பாத்தியாடா?”

“என்னத்த?”

“நம்ம கேமோட அடுத்த பதிப்புல மூணு ஓவல் தடம். அரை மைல் ஒண்ணு, ஒண்ணரை மைல் ஒண்ணு, ரெண்டரை மைல் ஒண்ணு. பெருசுல வளைவு முப்பத்தோரு டிகிரி சாஞ்சு நிக்குதாம். காரும் ரெண்டு புதுசு. ஒண்ணுக்குக் கூரை இருக்குது. வயசான காலத்துல நமக்கு அதுதான் சரி.”

நாங்கள் பன்னிரண்டு பேர், எல்லோரும் கோவைக்காரர்கள். சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு அவரவர் வீட்டில் கணினி முன்னால் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, ஒரே தடத்தில் பந்தயம் ஓட்டுவோம். இதுவரை ஓட்டியதெல்லாம் இரு பக்கமும் வளைந்து நெளியும் தடங்கள். ஓவல் அப்படியில்லை. முட்டை வடிவம், இடது பக்கம் மட்டும் திரும்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

எங்களில் தாமுதான் எப்போதும் கடைசி. அவனுக்கு வலது கால் முட்டிக்கு மேலே இல்லை. இடது காலில் உணர்ச்சி பாதிதான். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இரண்டு கைப்பிடிகள் வைத்திருக்கிறான். வலது விரல்களால் ஆக்சிலரேட்டர், இடது விரல்களால் பிரேக். கூர்மையான வளைவில் பிரேக்கை இழுத்துக்கொண்டே ஸ்டீயரிங்கையும் முழுதாகத் திருப்ப இரண்டு கை போதாது. ஓவலில் பிரேக்குக்கு வேலையே இல்லை. ஸ்டீயரிங்கையும் கொஞ்சம்தான் திருப்ப வேண்டும்.

“அங்க நானும் நீங்களும் ஒண்ணுடா,” என்றான்.

பிப்ரவரி கடைசி வாரம் வெளியீடாம். இன்னும் ஆறு வாரம்.

அவன் கால் 2003 அக்டோபரில் போனது. நிஜமான பந்தயத்தில். நானும் அதே பந்தயத்தில் ஓட்டினேன். மழை பெய்து ஓய்ந்திருந்தது. என் வண்டியின் பக்கக் கண்ணாடி அதிர்ந்துகொண்டிருந்தது. அதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

ஜனவரி 19, ஞாயிறு

பி.பி. 144/92. பெடல்கள் டைல்ஸ் தரையில் வழுக்குகின்றன. ஹேமா பழைய கோணிப்பையை நான்காக மடித்து அடியில் போட்டுக் கொடுத்தாள். வழுக்கவில்லை.

குழுவை நடத்தும் பெனடிக்ட் ஓவலுக்கான விதிகளை அனுப்பியிருக்கிறான். முதல் பந்தயம் நூறு சுற்று. வெளி ஊர்களிலிருந்தும் ஆட்கள் சேர்ந்து இருபத்தாறு கார்கள். இரண்டு இரண்டு பேராகப் பதிவு செய்ய வேண்டும். ஒருவர் ஓட்டுவார். மற்றவர் மேலிருந்து முழுத் தடத்தையும் பார்த்தபடி, ஓட்டுகிறவர் காதில் சொல்லிக்கொண்டே இருப்பார். அத்தனை வேகத்தில், அத்தனை நெருக்கத்தில், பக்கத்தில் வரும் வண்டி ஓட்டுகிறவர் கண்ணுக்குத் தெரியாது. ‘உள்ளே வண்டி’, ‘வெளியே வண்டி’, ‘காலி’. சொல்ல வேண்டியது இவ்வளவுதான். ஆனால் அதை நம்பித்தான் அவர் ஸ்டீயரிங்கைத் திருப்புவார்.

தாமு மதியம் கூப்பிட்டான். “நான் ஓட்டறேன். நீ எனக்குக் கண்ணு. பேரக் குடுத்துட்டேன்.”

“என்னைக் கேக்காமயா?”

“உன்னைக் கேட்டா நீ யோசிப்பே.”

சரி என்றேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

பி.பி. 152/96. சாம்பாரில் உப்பு அதிகம் என்று ஹேமாவிடம் சொன்னேன். நீங்கதானே போட்டீங்க என்றாள். ஆமாம், நான்தான்.

தாமு அந்த மூன்று தடங்களின் வரைபடங்களையும் அச்செடுத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறானாம். நிறுவனம் வெளியிட்ட நாற்பது விநாடிப் படத்தை எத்தனை முறை பார்த்தானோ. எந்த இடத்தில் தார் நிறம் மாறுகிறது, எங்கே சுவரில் கறுப்புக் கீறல் இருக்கிறது என்றெல்லாம் சொல்கிறான். நாற்பத்தேழு வயது ஆள். இப்படிப் பேசி நான் கேட்டது இருபத்தைந்து வயதில்தான்.

“ஒருக்கா வீட்டுக்கு வாடா. பக்கத்துல உக்காந்து பழகலாம். அம்மாவும் உன்னைக் கேட்டுச்சு.”

கம்பெனியில் தணிக்கை நடக்கிறது, ஞாயிறும் போக வேண்டியிருக்கிறது என்றேன். நான் பம்ப் கம்பெனியில் தரப் பரிசோதனை செய்கிறேன். தணிக்கை முடிந்து பத்து நாளாகிறது.

குழுவில் நான் சேர்ந்ததே அவன் பெயரைப் பட்டியலில் பார்த்துத்தான். போன வருஷம் மே மாதம். ‘மகுடேஸ்வரன்னா நம்ம மகுடுவா?’ என்று அவன்தான் முதலில் எழுதினான். எட்டு மாதமாகப் பேசுகிறோம். டயர், வேகம், யார் யாரை முந்தினார்கள். வேறு எதுவும் பேசியதில்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

தாமுவுக்கு வலது தோள்பட்டை தேய்ந்துவிட்டது. இருபது வருஷமாக ஊன்றுகோலில் உடம்பைத் தூக்கித் தூக்கி. ஏப்ரல் 9 ஆபரேஷன். அதன்பின் ஆறு மாதம் ஸ்டீயரிங்கைத் தொடக்கூடாது. பிறகும் பழையபடி பிடிக்க முடியும் என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை.

“பரவால்ல. ஓவல் வந்ததும் ஒரு மாசம் இருக்குது. ஒரு மாசம் போதும்டா எனக்கு,” என்றான்.

அந்த ஒரு மாதத்துக்குள் அவனிடம் ஒரு விஷயம் பேச வேண்டும். முதல் பந்தயம் முடிந்ததும் பேசலாம். அதற்கு முன்னால் பேசி அவன் சந்தோஷத்தைக் கெடுப்பானேன்.

பிப்ரவரி 26, புதன்

வெளியீடு தள்ளிப்போய்விட்டது. மார்ச் கடைசி என்கிறார்கள். பெரிய தடத்தில் சாய்வின் மேல் கார் நிற்காமல் சரிகிறதாம். தாமு குழுவில் ஒன்றும் எழுதவில்லை. மாலை போன் செய்தேன். சுகந்தி எடுத்து, அவரு படுத்திருக்காருங்ணா என்றார். அவன் மனைவி. அவரை நான் நேரில் பார்த்ததில்லை.

பி.பி. 134/86. இந்த நோட்டில் இதுதான் குறைவு.

மார்ச் 9, ஞாயிறு

சமையலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றினேன். ஹேமா பக்கத்தில் நின்று டார்ச் பிடித்தாள்.

“ஏனுங்க, அந்தத் தாமு அண்ணன் வீடு எங்கெ?”

“வடவள்ளி.”

“இங்கிருந்து இருவது நிமிசம். ஒரு வருசமாப் பேசறீங்க. ஒருநாளும் போகலியே.”

“போகணும்.”

“அவரு கூப்படலியா?”

வாஷர் சரியான அளவில்லை, ஸ்பேனரை எடு என்றேன். வாஷர் சரியான அளவுதான். பதினெட்டு வருஷம் என்னோடு இருந்தவளுக்கு அது தெரியாதா. ஸ்பேனரை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

மார்ச் 26, புதன்

ஏப்ரல் 3 உறுதி என்று அறிவித்திருக்கிறார்கள். பெனடிக்ட் முதல் பந்தயத்தை ஏப்ரல் 5 சனிக்கிழமை வைத்துவிட்டான். ஆபரேஷனுக்கு நான்கு நாள் முன்னால்.

ஒரு மாதம் கேட்டவனுக்கு ஒரு பந்தயம். “கெடச்ச வரைக்கும்,” என்றான் தாமு.

ஏப்ரல் 3, வியாழன்

பி.பி. பார்க்கவில்லை.

வந்துவிட்டது. கம்பெனிக்கு அரை நாள் லீவு போட்டேன். மூன்று மணிக்குத் தாமு ஒன்றரை மைல் தடத்தில் இறங்கினான். நான் என் வீட்டில் மேலிருந்து பார்க்கும் திரையோடு, காதில் ஹெட்போன்.

முதல் பத்து சுற்றில் அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. பதினோராவது சுற்றில் மெதுவாக, “மகுடு, பிரேக்கத் தொடவே இல்லடா,” என்றான். நேரத்தைப் பார்த்தேன். பயிற்சியில் இருந்த பதினெட்டுப் பேரில் நாலாவது. காரை அவன் வளைவில் இறக்கிய விதம், இருபத்தைந்து வயதுத் தாமு. அதே பொறுமை, அதே கடைசி நொடி.

முப்பத்திரண்டாவது சுற்றில் ஒரு நீலக் கார் அவனுக்கு உள்பக்கமாக வந்தது. பார்த்தேன். அதன் மூக்கு அவன் பின்சக்கரத்தைத் தாண்டி, கதவு வரை வந்ததைப் பார்த்தேன். ‘உள்ளே வண்டி’ என்று சொல்ல வேண்டும். நாக்கு எழவில்லை. வேறொரு வளைவு கண்ணில் நின்றது. தாமு காரை உள்பக்கம் கீழே இறக்கினான். இடித்தது. அவன் கார் சுழன்று வெளிச்சுவரில் மோதி நின்றது.

“என்னாச்சுடா?” என்றான்.

“பாக்கலடா,” என்றேன்.

காதில் அவன் மூச்சு மட்டும் கேட்டது.

“பாக்கலயா,” என்றான். கேள்வியாகக் கேட்கவில்லை. பிறகு இணைப்பைத் துண்டித்துவிட்டான்.

ஏப்ரல் 4, வெள்ளி

இந்த நோட்டின் முதல் பக்கத்தில் எழுதியது பொய். மழை பெய்தது உண்மை. கண்ணாடி அதிரவில்லை. அதிர்ந்திருந்தாலும் அது தேவைப்படவில்லை. தலையைத் திருப்பித்தான் பார்த்தேன்.

அந்த வருஷத்தின் கடைசிப் பந்தயம் அது. எங்கள் இருவரில் முந்துகிறவனுக்குச் சாம்பியன் பட்டமும், அடுத்த வருஷம் பெரிய அணியில் ஓட்டும் இடமும். வலது பக்க வளைவு. தாமு உள்பக்கமாகப் பாதி வண்டி நீளம் வந்துவிட்டான். நான் இடம் விட்டிருக்க வேண்டும். அவனே பிரேக் பிடித்துப் பின்வாங்கட்டும் என்று நினைத்துத் திருப்பினேன். சக்கரமும் சக்கரமும் தொட்டன. அவன் வண்டி எழும்பிப் போய்த் தடுப்பில் விழுந்தது.

விசாரணையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். “கண்ணாடி அதிர்ந்தது, நான் பார்க்கவில்லை,” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இல்லாத இடைவெளியில் தாமோதரன் அவசரப்பட்டு நுழைந்தான் என்று தீர்ப்பு எழுதினார்கள். பட்டம் எனக்கு. அடுத்த இரண்டு வருஷம் ஓட்டி ஒன்றுமில்லாமல் போனேன்.

ஆஸ்பத்திரிக்கு ஒரே ஒருமுறை போனேன். தாமு மயக்கத்தில் இருந்தான். அவன் அப்பா, டிராயிங் மாஸ்டர், வராந்தாவில் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “உன்ற மேல தப்பில்ல கண்ணு. இவன் அவசரப்பட்டுட்டான். நீ மனசுல வெச்சுக்காதே,” என்றார். சரிங்க மாமா என்றேன். அப்படியே சொன்னேன். அதன்பின் அந்தப் பக்கமே போகவில்லை.

இன்று மாலை நாலு மணிக்கு வடவள்ளி போனேன். தாமு முன்னறையில் சக்கர நாற்காலியில் இருந்தான். சுவரில் மூன்று வரைபடங்கள். அவன் அம்மா கோயிலுக்குப் போயிருந்தார். சுகந்தி தண்ணீர் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

“நேத்து அந்த நீலக் காரப் பாத்தேன்,” என்றேன்.

“தெரியும்.”

“அன்னிக்கும் பாத்தேன் தாமு.”

“அதுவும் தெரியும். உன்ற ஹெல்மெட் என்ற பக்கம் திரும்புச்சு. பாத்துட்டான், இடம் விடுவான்னுதான் நான் பிரேக் புடிக்கல.”

எனக்கு உட்காரத் தோன்றவில்லை. “அப்பறம் ஏன் என்கிட்டப் பேசுன?”

“நீயாச் சொல்லுவேன்னு பாத்தேன். பத்து மாசமா டயரப் பத்தியே பேசுன.”

“மன்னிச்சிருடா.”

அவன் நாற்காலியின் கைப்பிடியைத் தடவினான். “கால் போனது ரேஸ்டா. யாருக்கும் போகலாம். நானும் உன்னை எத்தன வாட்டி நெருக்கியிருக்கேன். அத நான் எப்பவோ விட்டுட்டேன். ஆனா எங்கப்பா, வீட்டுக்கு வர்றவங்ககிட்டயெல்லாம் சொல்லுவாரு. என்ற பையன் அவசரக்காரன், அவனாத் தேடிக்கிட்டான்னு. நான் இல்லீங்கப்பான்னு சொன்னாக் கேக்க மாட்டாரு. விசாரணையில எழுதியிருக்குதல்ல. படிச்ச மனுசன், எழுதுனத நம்புவாரு. பதினஞ்சு வருசம் அதையே சொன்னாரு. சாகற வாரமும் சொன்னாரு. அது ரேஸ் இல்ல மகுடு.”

மாஸ்டர் இறந்தது எனக்குத் தெரியும். 2018. செய்தி வந்தபோது நான் ஊரில்தான் இருந்தேன்.

கிளம்பும்போது சொன்னான்: “நாளைக்கு ரேஸ் இருக்குது. வேற ஆளத் தேட நேரமில்ல. அஞ்சு மணிக்கு வந்துரு. பாத்ததச் சொல்லு. பாத்தத மட்டும் சொல்லு.”

ஏப்ரல் 5, சனி

மதியம் ஹேமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பட்டாணி உரித்துக்கொண்டே கேட்டாள். முடித்ததும், “பெரியவரு உங்க கையப் புடிச்சுச் சொன்னப்பவாவது சொல்லியிருக்கலாமுங்க,” என்றாள். பட்டாணித் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

ஐந்து மணி. இருபத்தாறு கார்கள். தாமு பதினேழாவதாகக் கிளம்பினான்.

சொன்னேன். நூறு சுற்றும் சொன்னேன். “உள்ளே வண்டி. இன்னும் உள்ளே. இன்னும். காலி.” “வெளியே ஒண்ணு. மேல போகாதே. காலி.” தொண்டை வறண்டு, ஹேமா வைத்த தண்ணீரைக் குடிக்கவும் பயமாக இருந்தது, குடிக்கும் நொடியில் ஒரு கார் வந்துவிட்டால்.

நான் பயந்தது வேறொன்றுக்கு. அவன் என் வார்த்தையைச் சோதிப்பான், ஒரு நொடி தாமதிப்பான் என்று நினைத்திருந்தேன். ஒருமுறைகூடத் தாமதிக்கவில்லை. ‘காலி’ என்ற சொல் முடியும் முன்பே அவன் கார் இறங்கியது. முழு வேகத்தில், ஒரு விரற்கடை இடைவெளியில், என் வாயை நம்பி. அன்றும் இப்படித்தான் நம்பியிருக்கிறான்.

எழுபதாவது சுற்றில் ஒன்பதாவது. எண்பத்தெட்டில் ஆறாவது. தோள் வலிக்கிறது என்பது அவன் மூச்சிலேயே தெரிந்தது. கடைசிச் சுற்றுக்கு முந்தைய சுற்றில் இரண்டு பக்கமும் வண்டி. “நடுவுல இருக்கே. அப்படியே நில்லு. ரெண்டு பக்கமும் இருக்கு. நில்லு. நில்லு. உள்ளே காலி.” இறங்கினான். மூன்றாவதாக முடித்தான்.

குழுவில் எல்லோரும் கத்தினார்கள். பெனடிக்ட் அழுதுவிட்டான் போல. குரல் அப்படி இருந்தது. தாமு எங்கள் இருவருக்கும் மட்டுமான இணைப்புக்கு மாறினான்.

“சரியாச் சொன்னே,” என்றான். துண்டித்துவிட்டான்.

ஏப்ரல் 9, புதன்

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாகப் பெனடிக்ட் குழுவில் எழுதியிருக்கிறான். எனக்குத் தனியாக யாரும் சொல்லவில்லை.

ஏப்ரல் 16, புதன்

2003 பந்தயத்தை நடத்திய மோட்டார் சங்கத்தின் பழைய செயலாளரைத் தேடிப் பிடித்தேன். சங்கம் கலைந்து பத்து வருஷமாகிறது. விசாரணைக் காகிதங்கள் இருக்கின்றனவா என்று கேட்டேன். வீடு மாறும்போது எடைக்குப் போட்டாச்சுங்க, இப்ப எதுக்கு அது, என்றார். திருத்த வேண்டும் என்றால் திருத்துவதற்கு ஒன்றும் இல்லை.

பி.பி. 138/88. குறைந்ததைப் பார்த்து வெட்கமாக இருந்தது.

ஏப்ரல் 22, செவ்வாய்

சுகந்தி போன் செய்தார். “அவரு சொல்லச் சொன்னாருங்ணா. அன்னிக்கு எங்க வீட்டுல வந்து சொன்னீங்கல்ல, அத ஒரு பேப்பர்ல எழுதி எடுத்துட்டு வருவீங்களாம். ஞாயித்துக்கிழமெ. அத்தைகிட்ட நீங்களே படிச்சுக் காட்டோணுமாம்.”

“அவன் எப்படி இருக்கான்?”

“கைய அசைக்கக் கூடாதுன்னு கட்டிப் போட்டிருக்காங்க. அவருக்குத்தான் சும்மா இருக்க முடியாதே.”

ஏப்ரல் 27, ஞாயிறு

நான்கு முறை எழுதிக் கிழித்தேன். ஐந்தாவது முக்கால் பக்கம் வந்தது. ஹேமா நானும் வர்றேன் என்றாள். வேண்டாம் என்றேன். ஸ்கூட்டர் சாவியை எடுத்துக் கையில் கொடுத்தாள்.

தாமு கட்டிலில் சாய்ந்திருந்தான். வலது கை மார்போடு சேர்த்துக் கட்டியிருந்தது. அவன் அம்மா நாற்காலியில். எழுபத்தைந்து இருக்கும். அந்தக் காலத்தில் பயிற்சி முடிந்து போனால் வாடா சாமி, கை கழுவிட்டு உக்காரு என்பார். இரண்டு பேருக்கும் ஒரே தட்டில் பணியாரம் வைப்பார். இன்று என்னைப் பார்த்து, “உக்காருங்க,” என்றார்.

நின்றுகொண்டே வாசித்தேன். நான் பார்த்தேன் என்ற வரியில் நிறுத்தவில்லை. தாமோதரன் மேல் எந்தத் தவறும் இல்லை என்ற வரியையும், மாஸ்டர் என் கையைப் பிடித்தபோது நான் சரிங்க மாமா என்று சொன்னதையும் எழுதியிருந்தேன். அதை வாசிக்கும்போது தாமு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

சுகந்தி மின்விசிறியைக் குறைத்தார்.

“என்கிட்டப் படிச்சு என்னங்க ஆகுது,” என்றார் அம்மா. குரலில் கோபமே இல்லை. “எம்பையன் அப்படிப்பட்டவன் இல்லேன்னு எனக்கு என்னிக்கும் தெரியும். கேக்க வேண்டிய மனுசன் அங்க இருக்காரு. அங்க நின்னு படிங்க.”

மாஸ்டரின் படம் அலமாரிக்கு மேலே இருந்தது. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. அதன் முன்னால் போய் நின்று முதல் வரியிலிருந்து மறுபடி வாசித்தேன். இந்த முறை இரண்டு இடத்தில் நின்று நின்று வாசித்தேன். யாரும் அவசரப்படுத்தவில்லை.

முடிந்ததும் அம்மா கையை நீட்டினார். கொடுத்தேன். கண்ணாடி போடாததால் காகிதத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். என் கையெழுத்தின் மேல் விரலை வைத்தார்.

“தேதி போட்டிருக்கீங்களா?” என்று கேட்டார்.

போட்டிருந்தேன். இன்றைய தேதி.